பொது வாசகி

எனக்கு ஒரே ஒரு வாசகி இருந்தார். ஒரு வாசகியை ஒருவரே வைத்துக்கொள்வது விதிமீறல் என்பது மாமன்றத்தில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

என் பெயர் டிரேவர். ஜீவனஹள்ளியில் குடியிருக்கிறேன். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். பெங்களூரில் லிஃப்டுக்குள் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளாத ஆளைப் பார்ப்பது அரிது. கதவைத் திறந்துவிட்டதும் அவர்கள் சொல்கிற முதல் வார்த்தையைக் கேட்பதில் எனக்கு ஒரு ருசி விழுந்துவிட்டது. சிலர் என் பரம்பரையையே திட்டுவார்கள். ஒரு பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒரு மேனேஜர் செல்போனில் பேசிக்கொண்டே வெளியே வந்து, பேசிக்கொண்டே போய்விட்டார். தான் மாட்டிக்கொண்டிருந்ததே அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். இதையெல்லாம் மனசுக்குள் வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. 'இரண்டு மாடிக்கு நடுவே' என்று ஒரு வலைப்பூ தொடங்கி, சனிக்கிழமைதோறும் எழுத ஆரம்பித்தேன்.

உலகம் என் எழுத்துக்காகக் காத்திருக்கவில்லை. சரசு என்று ஒருவர் மட்டும் காத்திருந்தார். பெயருக்குப் பக்கத்தில் மல்லேஸ்வரம் என்று போட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டு திரும்புவதற்குள் அவருடைய பின்னூட்டம் வந்திருக்கும். 'அந்தம்மா கையில மல்லிப்பூ இருந்துச்சுன்னு எழுதினீங்க. கதவு தொறக்கறப்போ அது வாடிடுச்சா இல்லியா, சொல்லவே இல்லியே' என்று கேட்பார். 'போன வாரத்துக்கு இது சுமார். அவசரமா முடிச்சிட்டீங்க' என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும். அந்த நாலு வரி வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடப்பேன். செல்போனை எடுப்பேன், வைப்பேன், வைத்த கையோடு மறுபடி எடுப்பேன்.

என் மனைவி லீனா பள்ளிக்கூட டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் திருத்திக்கொண்டே என் நடையைக் கவனித்துக்கொண்டிருந்தவள் பொறுமை இழந்தாள்.

"ரிசல்ட் வர்ற அன்னிக்குக்கூட எங்க பசங்க இப்படி நடக்கமாட்டாங்க. எத்தினி பேருங்க படிக்கறாங்க?"

"ஒருத்தர்."

"ஒருத்தருக்கா இவ்ளோ ஆட்டம்?"

அதுவரை எனக்கு ஒருத்தர் போதுமாகத்தான் இருந்தார். லீனா கேட்ட பிறகுதான் அது ஏதோ குறை என்று உறைத்தது. அன்றிலிருந்து சரசுவின் பின்னூட்டத்தைப் படித்து முடித்ததும், அதற்குக் கீழே இருந்த காலி இடத்தையும் பார்க்கத் தொடங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒயிட்ஃபீல்ட் பக்கம் ஓர் ஐடி கட்டடத்தில் உமேஷ் என்பவரை லிஃப்டிலிருந்து வெளியே எடுத்தேன். ஒரு மணி நேரம் உள்ளே இருந்தவர். திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உள்ள டவர் இல்ல." இதை என் வலைப்பூவில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் முகம் பிரகாசமாகிவிட்டது.

"பாஸ், நீங்க ப்ளாகரா? உங்க ரிடென்ஷன் எவ்ளோ?"

"அப்படின்னா?"

"ரீடர்ஸ் வர்றது மேட்டரே இல்ல பாஸ். வந்தவங்களைப் போகவிடாம வெச்சிக்கணும். இப்ப உங்க லிஃப்ட்ல நான் ஒன் ஹவர் எங்கயாவது போனேனா? அதான் ரிடென்ஷன்."

அவர் பூங்கா நகர வலைப்பூ வளர்ச்சி மாமன்றத்தின் செயலாளர். மாதத்தின் முதல் ஞாயிறு, மல்லேஸ்வரத்தில் ஒரு புடவைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் கூடுகிறார்கள் என்றார். அறுபது பேருக்கு மேல் உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும் அறுபது பேருக்கு மேல் வாசகர்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பது எனக்கு அப்போது ஒரு நல்ல சகுனமாகத் தெரிந்தது.

மாமன்றத்தின் தலைவர் கிருஷ்ணப்பா, அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் ஓய்வு பெற்றவர். 'வலைக்கோ' என்ற பட்டத்தைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டு, அதை ஏற்கத் தயங்கி, பிறகு உறுப்பினர்களின் அன்புக்குக் கட்டுப்பட்டு ஏற்றுக்கொண்டவர். 'நடைப்பயிற்சியின் நன்மைகள்' என்ற அவருடைய தொடர் பல நூறு பகுதிகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நடைக்கு அத்தனை நன்மை இருக்க முடியாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. முதல் கூட்டத்தில் அவர் பேசியதை மறக்க முடியாது.

"வலையுலகப் பெருமக்களே! வாசகர்தான் நமக்குத் தெய்வம். தெய்வத்தை நம்மில் யாராவது நேரில் பார்த்திருக்கிறோமா? இல்லை. வாசகரையும் பார்த்ததில்லை. அதற்காக நாம் ஆராதனையை நிறுத்திவிட்டோமா? இத்தனை ஆண்டுகளில் நான் எழுதாத நாளே கிடையாது. எழுதியதை ஒருமுறைகூடத் திரும்பப் படித்ததும் கிடையாது. படிக்கிற நேரத்தில் இன்னொன்றை எழுதிவிடலாம். இதுதான் என் வெற்றியின் ரகசியம். இளையவர்கள் பின்பற்ற வேண்டும்."

கைதட்டல் ஓய்ந்ததும் உமேஷ் நடைமுறையை விளக்கினார். ஓர் உறுப்பினர் பதிவு போட்டவுடன் வாட்ஸ்அப் குழுவில் மணி அடிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் அங்கே போய் ஒரு வார்த்தை போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். செயற்குழு அனுமதித்த வார்த்தைகள்: அருமை, சிறப்பு, வாழ்த்துகள், தொடருங்கள். அதற்கு மேல் எழுத விரும்புகிறவர் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதுவரை யாரும் சொன்னதில்லை.

"எப்ப சார் படிக்கறது?" என்று கேட்டேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பொருளாளர் ரமா, தினமும் காலையில் ஒரு கவிதை வெளியிடுகிறவர், என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சும்னே, சும்மா ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க டிரேவர்," என்றார் உமேஷ். "சிக்ஸ்டி பேர் எழுதறதை சிக்ஸ்டி பேரும் உக்காந்து படிச்சா, எழுதறது யாரு? சிஸ்டம் ஃபெயில் ஆயிடும்."

அந்த வாரம் கதவு இடுக்கில் என் கட்டைவிரல் மாட்டி நகம் பெயர்ந்துவிட்டது. அதை எழுதினேன். மணி அடித்தது. பின்னூட்டங்கள் கொட்டின. அருமை. சிறப்பு. மிகச் சிறப்பு. இதுபோல் மேலும் பல செய்ய வாழ்த்துகள். 'அன்புத் தம்பி, இத்துடன் நிறுத்திவிடாமல் தொடர்ந்து செய்யுங்கள்' என்று தலைவரே வந்து போட்டிருந்தார். நடுவே எங்கோ சரசுவும் இருந்தார்: 'எந்தக் கை? கதவை எப்பவும் வலது கையாலதான் தொறப்பேன்னு முன்னாடி எழுதியிருக்கீங்க. அப்போ அதுவா? டிடி ஊசி போட்டீங்களா?' உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு நான் அந்த அறுபதைத்தான் ரசித்தேன். லீனாவிடம் பெருமையாக நீட்டினேன். அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"உங்க வெரலு போனதுல இத்தினி பேருக்கு சந்தோஷமா?" என்றாள்.

பதிலுக்கு நானும் அறுபது இடங்களுக்குப் போய்வர வேண்டியிருந்தது. மணி எப்போது அடிக்கும் என்று சொல்ல முடியாது. லிஃப்ட் கூண்டின் மேல் நின்றுகொண்டு, ஒரு கையால் இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் 'சிறப்பு' என்று அடித்திருக்கிறேன். பூசையில் முழந்தாளில் இருக்கும்போது பாக்கெட்டில் மணி அடித்திருக்கிறது. ஒருநாள் ஹெப்பாளில் ஒரு கட்டடத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்று என் மேலதிகாரி செய்தி அனுப்பினார். பழக்க தோஷத்தில் 'அருமை, தொடருங்கள்' என்று பதில் போட்டுவிட்டேன். அதற்கு நான் நேரில் போய் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. வேறு வேலை ஓடவில்லை, தூக்கம் சரியில்லை, எழுதுவதுகூட மணிக்கும் மணிக்கும் நடுவே ஓடி ஓடி எழுதுவதாகிவிட்டது. 'என்னமோ பின்னாடி யாரோ தொரத்தற மாதிரி எழுதறீங்க' என்றார் சரசு. அதற்குப் பதில் எழுத எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

இந்த நிலையில்தான் செயற்குழு என்னை விசாரணைக்கு அழைத்தது.

உமேஷ் சுவரில் ஒரு வரைபடம் காட்டினார். மாமன்றத்து வலைப்பூக்கள் ஒவ்வொன்றிலும் வருகையாளர்கள் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்ற கணக்கு. எல்லாருடையதும் தரையோடு தரையாக, வந்ததும் போனதுமாக இருந்தது. என்னுடையதில் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை ஒரு கோடு செங்குத்தாக எழும்பி நின்றது.

"யாரோ உங்க பேஜ்ல பத்து நிமிஷத்துக்கு மேல இருக்காங்க," என்றார் உமேஷ். "இது ஹ்யூமன் பிஹேவியர் மாதிரி இல்ல. ரோபோன்னு நெனைக்கறேன். வைரஸாகூட இருக்கலாம். அங்கேர்ந்து எங்க பேஜுக்கெல்லாம் பரவினா?"

"அது சரசு மேடம் சார். நான் எழுதறதைப் படிக்கறவங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மெம்பரா?" என்றார் ரமா.

"இல்லைங்க."

"அவங்க எழுதறது எதையாச்சும் நீங்க படிக்கறீங்களா?"

"அவங்க எழுதறதே இல்ல."

கிருஷ்ணப்பா நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். அவர் குரல் கம்மியிருந்தது. "எழுதாதவர். நமக்கு வேண்டாதவரும் அல்ல, வேண்டியவரும் அல்ல. சொந்தக்காரர் இல்லை. கட்டாயம் இல்லை. வந்து படிக்கிறார். உமேஷ், இது நிஜந்தானா?" உமேஷ் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமன்றம் தொடங்கிய நாளிலிருந்து பெயரோடு அறியப்பட்ட முதல் வாசகர் இவர்தான் என்று தெரிந்தது. எனக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. அடுத்த கணம் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஊரே காய்ந்து கிடக்கிறது. ஒரு வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் வருகிறது. அந்த வீட்டுக்காரர் வாசலைச் சாத்திக்கொண்டு தானே குளிக்கிறார். இது நியாயமா? இந்த மன்றத்தில் நான் மூத்தவன். எனக்கு இதுவரை ஒரு சொட்டு வந்ததில்லை. நீங்கள் வந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை!"

அன்று மாலையே தீர்மானம் நிறைவேறியது. சரசு இனி மாமன்றத்தின் பொது வாசகி. ஏரியாவுக்கு ஏரியா முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல் அவரும் முறை வைத்து விடப்படுவார். திங்கள் தலைவருக்கு, செவ்வாய் செயலாளருக்கு, புதன் பொருளாளருக்கு, மற்ற நாட்கள் உறுப்பினர்களுக்கு, சேர்ந்த வரிசைப்படி. நான் கடைசியாகச் சேர்ந்தவன். என் முறை வருவதற்கு மழைக்காலம் ஆகிவிடும் என்றார்கள்.

"அவங்க சம்மதிக்கணுமே?" என்றேன்.

"நாங்க எழுதறதுக்கு யார்கிட்ட சம்மதம் கேட்டோம்?" என்றார் ரமா.

எனக்கு அவரைத் தெரியாது, பார்த்ததே இல்லை, விலாசமும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அது உண்மையும்கூட. ஆனால் உமேஷ் நேராக என் வலைப்பூவுக்கே வந்து, சரசுவின் பின்னூட்டத்துக்குக் கீழே எழுதினார்: 'கங்கிராஜுலேஷன்ஸ் மேடம்! உங்களைப் பொது வாசகியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். நம்பர் அனுப்பவும்.' அப்போது நான் ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள், டவர் கிடைக்காத இடத்தில் இருந்தேன். மேலே ஏறி வந்து அதை அழிப்பதற்குள் சரசு பதில் போட்டுவிட்டார். 'எனக்கா சார்? சரி சார்.' கீழே நம்பர்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை நாளில் அவர் நம்பரை நான் கேட்டதில்லை, கேட்கத் தோன்றியதும் இல்லை. இப்போது அது அறுபது பேர் கைக்குப் போய்விட்டது. லிஃப்டிலிருந்து லிஃப்டுக்கு ஓடிக்கொண்டே அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டமளிப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்தார்கள். 'திருமதி சரசு, வரவேற்பாளர், ரத்தப் பரிசோதனை நிலையம், மல்லேஸ்வரம்' என்று எங்கே வேலை செய்கிறார் என்பதுவரை விவரமாகப் போட்டிருந்தார்கள். ஒக்கலிபுரத்திலிருந்து தினமும் வந்துபோகிறவராம். விழா அன்றுதான் அவரை முதல்முறை பார்த்தேன். நாற்பதைத் தாண்டியவர், நூல் புடவை, தோளில் சாப்பாட்டுப் பை. அரை நாள் லீவு போட்டுவிட்டு, எதற்கு வரச் சொன்னார்கள் என்று சரியாகப் புரியாத முகத்தோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். போய்ப் பேச வேண்டும் என்று மூன்று முறை எழுந்தேன். மூன்று முறையும் முன்வரிசைக்காரர்கள் கையமர்த்தி என்னை உட்கார வைத்தார்கள்.

பொன்னாடை போர்த்துவது தொடங்கியது. செயற்குழு போர்த்தினால் போதும் என்றுதான் திட்டம். ஆனால் வாசகியோடு படம் எடுத்துக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? அறுபது பேரும் அறுபது பொன்னாடையோடு வந்திருந்தார்கள். மே மாதம், மின்விசிறி ஒன்றுதான். சிறிது நேரத்தில் சரசுவின் மூக்குக் கண்ணாடி மட்டும் தெரிந்தது. "மேடம், இந்தப் பக்கம் பாருங்க" என்று படம் பிடிப்பவர் கத்தினார். எந்தப் பக்கம் அவர் பார்க்கிறார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"இந்த அம்மையார் படிக்கிறார்!" என்று தலைவர் முழங்கினார். "எதற்காகப் படிக்கிறார்? நமக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டியதும் இல்லை. நமக்கு விளங்காததை மதிப்பதுதான் பண்பாடு. அவர் இனி நம் வீட்டுப் பிள்ளை. அவருடைய கண்கள் நம் பொதுச்சொத்து. கண்ணில் கோளாறு வந்தால் மருத்துவச் செலவை மாமன்றம் பரிசீலிக்கும்."

ஏற்புரைக்கு நேரமில்லை என்றாலும் ஒரு நிமிடம் ஒதுக்கினார்கள். பொன்னாடைகளை விலக்கிக்கொண்டு சரசு ஒலிபெருக்கி முன் வந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை சாயங்காலம் எங்க லேப்ல கூட்டம் கம்மியா இருக்கும். அப்ப டிரேவர்னு ஒருத்தர் எழுதறதைப் படிப்பேன். அவர் ஒண்ணொண்ணா பார்த்துச் சொல்லுவாரு. அதனால நல்லா இருக்கும். இப்ப கொஞ்ச நாளா அவர் சரியா எழுதல. அவருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்…"

நான் எழுந்துவிட்டேன். அதற்குள் உமேஷ் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "மேடம் வந்துட்டாங்க! இனிமே எங்கயும் போகமாட்டாங்க! ரிடென்ஷன்!" அரங்கம் அதிர்ந்தது. நான் கையை ஆட்டிக்கொண்டு நின்றதை எல்லோரும் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பஸ் போய்விடும் என்று அவர் கிளம்பினார். அவரைத் தனியாக அனுப்ப மாமன்றத்துக்கு மனம் வரவில்லை. ஆறு பேர் ஏறக்கூடிய லிஃப்டில் அவரோடு எட்டுப் பேர் ஏறினார்கள், கையில் ஆளுக்கொரு கட்டு அச்சடித்த படைப்புகளோடு. "வெயிட் ஜாஸ்தி சார், வேணாம்" என்றேன். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் தம்பி" என்றார் தலைவர். கதவு மூடியது. இரண்டாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் நின்றுவிட்டது.

அது எங்கள் கம்பெனி லிஃப்ட் இல்லை. சாவிக்காகக் காவலாளியைத் தேடி ஓடினேன், லிஃப்ட் மோட்டார் இருக்கிற மொட்டைமாடிக்கு ஓடினேன், மூச்சிரைக்கக் கீழே வந்து கதவில் காதை வைத்தேன். உள்ளே கிருஷ்ணப்பா படித்துக்கொண்டிருந்தார். 'நடைப்பயிற்சியின் நன்மைகள்', முதல் பகுதியிலிருந்து.

"பயப்படாதீங்க! ரெண்டு நிமிஷத்துல தொறந்துடறேன்!" என்று கத்தினேன்.

"அவசரமே இல்லை டிரேவர்!" என்றது தலைவரின் குரல். "நிதானமாகப் பாருங்கள்! உங்கள் விரல் பத்திரம்!"

"ஹண்ட்ரட் பர்சென்ட் ரிடென்ஷன் பாஸ்!" என்று உமேஷ் உள்ளேயிருந்து கூவினார். "லைஃப்ல மொத தடவை!"

"தொறந்துடாதீங்க, எனக்கு இன்னும் டர்ன் வரலை!" இது ரமா.

சரசுவின் குரல் மட்டும் வரவில்லை. நான் மறுபடி மேலே போய், மோட்டாரைக் கையால் சுற்றிச் சுற்றி லிஃப்டை இறக்கிவிட்டு வந்து கதவைப் பிளந்தேன். முதலில் அவர்தான் வந்தார். வேர்த்துக் கொட்டிய முகம். என்னை அவருக்கு அடையாளம் தெரியாது, ஏதோ மெக்கானிக் என்றுதான் நினைத்திருப்பார். "படி எந்தப் பக்கம்?" என்றார். காட்டினேன். ஓடிவிட்டார். என் பெயரைச் சொல்ல வாய் திறப்பதற்குள் செருப்புச் சத்தம் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டது. பொன்னாடைகள் லிஃப்டுக்குள்ளேயே கிடந்தன.

அடுத்த சனிக்கிழமை எழுதினேன். மணி அடித்தது, அறுபது பேரும் வந்துபோனார்கள். சரசு வரவில்லை. ஞாயிறு முழுக்க நடந்தேன். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவருடைய நம்பர் உபயோகத்தில் இல்லை என்று குழுவில் செய்தி வந்தது. உமேஷின் வரைபடத்தில் என் கோடும் தரையோடு படுத்துவிட்டது. பொது வாசகியைத் தனிப்பட்ட பயன்பாட்டுக்காகப் பதுக்கி வைத்திருப்பதாகச் சொல்லி, விளக்கம் கேட்டு எனக்கு நோட்டீஸ் வந்தது. குழுவை விட்டு வெளியேறினேன். உடனே மறுபடி சேர்க்கப்பட்டேன். மறுபடி வெளியேறினேன். 'எக்ஸிட் ரேட் ஏறிடும் பாஸ், ப்ளீஸ்' என்று உமேஷ் எழுதினார். போனை அணைத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் போட்டேன்.

அதன் பிறகும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மணி இல்லை என்பதால் மெதுவாக எழுத முடிந்தது. ஆனால் யாருக்காக என்று தெரியாமல் எழுதுவது பெரிய வேதனை. ஒவ்வொரு வரியிலும் சரசு என்ன கேட்பார் என்றே தோன்றியது. ஒருநாள் அரை நாள் லீவு போட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று லீனாவிடம் சொன்னேன்.

"மன்னிப்பு கேக்கப் போறவரு எதுக்குங்க பையில அவ்ளோ பேப்பர் எடுத்துட்டுப் போறீங்க?" என்றாள்.

"மழை வந்தா தலைக்கு," என்றேன்.

பரிசோதனை நிலையத்தில் நல்ல கூட்டம். கண்ணாடித் தடுப்பில் கன்னடத்திலும் தமிழிலும் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'பரிசோதனைக்கு வருபவர்கள் மட்டும். சொந்தப் படைப்புகளை இங்கே கொடுக்கக் கூடாது.' என் முறை வந்தது. சரசு தலை நிமிராமல் கேட்டார்.

"என்ன டெஸ்ட்?"

இவ்வளவு நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்த மன்னிப்புக்குப் பதில் வாயில் வேறு வார்த்தை வந்தது.

"சுகர்," என்றேன்.

"சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"பேரு?"

"டிரேவர்."

பேனா நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "லிஃப்ட் டிரேவரா?"

"ஆமாங்க."

"அன்னிக்குக் கதவு தொறந்தது நீங்கதானா? சொல்லக் கூடாதா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தினமும் அவங்கள்ல யாராவது வர்றாங்க சார். ரத்தம் குடுக்கறாங்க, போறப்ப ஒரு புஸ்தகத்தை வெச்சிட்டுப் போயிடறாங்க. நேத்து தலைவரு வந்து கொலஸ்ட்ரால் பார்த்தாரு. எங்க டாக்டருக்கு சந்தோஷம்தான். நான்தான் நம்பரை மாத்திட்டேன். போன்ல படிக்கறதையே விட்டுட்டேன். எதைத் தொறந்தாலும் அவங்க நிப்பாங்களோன்னு பக்குனு இருக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார். "நீங்களும் ஏதாச்சும் கொண்டாந்திருக்கீங்களா?"

பையை முதுகுப் பக்கம் நகர்த்தினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. "இல்லைங்க."

"பையில என்ன?"

"சாப்பாடு."

"இப்பதான் சாப்ட்டேன்னு சொன்னீங்க?"

பின்னாலிருந்து யாரோ சீக்கிரம் என்றார்கள். சரசு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

"உள்ள பை எடுத்துட்டுப் போகக் கூடாது. இங்க வெச்சிட்டுப் போங்க," என்றார்.

வைத்துவிட்டுப் போனேன். ஊசி குத்தியது தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வந்து, ஒரு பொய் சொல்லி, அந்தப் பொய்க்காக ரத்தமும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. எனக்கும் கிருஷ்ணப்பாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பையை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி வெளியே வந்தேன்.

வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. யாருக்கும் ரசீது கிடைத்த மாதிரி தெரியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் சரசு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். என் பை திறந்திருந்தது. ஒரு தாள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, அடுத்தது கையில் இருந்தது. புருவத்தைச் சுருக்கினார். பேனாவை எடுத்து ஓர் இடத்தில் கோடு போட்டார். அங்கே நான் எதையோ அவசரமாக முடித்திருக்க வேண்டும்.

நான் கிட்டே போகவில்லை. வரிசையில் முன்னால் நின்றவர் கண்ணாடியைத் தட்டித் தட்டி அலுத்துப்போய் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே கேளுங்க சார், டூட்டி டைம்ல இந்தம்மா இன்னா பண்றாங்க?"

"படிக்கறாங்க," என்றேன். "கொஞ்சம் பொறுங்க."